தவறு நடந்ததும் முன்னால் நிற்க வேண்டியவர் யார்?

1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம்தான், ஆனால் பத்திரிகையாளர்கள் முன் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் அதே வகை ராக்கெட்டில் போன ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டியபோதோ, பேட்டி கொடுக்கக் கலாமையே அனுப்பினார் தவான்.

இதை வீட்டிலும் செய்து பாருங்கள். மகன் மார்க் குறைந்து வந்த அன்று சொந்தக்காரர் யாராவது "என்னப்பா இப்படி?" என்று ஆரம்பித்தால், அவன் தலை குனியும் முன்னே "நாங்க பார்த்துக்கறோம்" என்று நீங்கள் சொல்லிவிடுங்கள், அப்புறம் எல்லோரும் போனதும் தனியாக உட்கார்ந்து, விடைத்தாளைப் பிரித்து எந்தக் கேள்வியில் சறுக்கினான் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இந்த இரண்டாவது வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறோம். வெறும் ஆறுதலோடு நிறுத்தினால் அடுத்த பரீட்சையிலும் அதே தப்பு வரும்.