பக்கம் மாறிய ஸ்டீயரிங்: கட்டுப்பாடு கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போக்குவரத்து வலப்பக்கமாக ஓடும் ஒரு நாட்டில், ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே இருக்கும் காரில் உட்கார்ந்து ஒரு லாரியை முந்தப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிவது லாரியின் பின்கதவு மட்டும்தான். எதிரே என்ன வருகிறது என்று பார்க்கவே பாதிக் காரை எதிர்த்தடத்தில் நீட்ட வேண்டும். இப்படிப்பட்ட வண்டிகளுக்குக் கட்டுப்பாடு கண்டிப்பாக வேண்டும். ஆனால் அதைக் கொண்டுவரும் விதத்தில்தான் பல தவறுகள் நடக்கின்றன.

பெரிய தவறு, ஸ்டீயரிங்கை மட்டும் பார்ப்பது. டிம் செய்த ஹெட்லைட்டின் வெளிச்சம் சாலையோரப் பக்கம் சற்றுத் தூக்கலாக விழும்படி அமைக்கப்பட்டிருக்கும். பக்கம் மாறி ஓட்டினால் அந்தத் தூக்கல் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். 1967 செப்டம்பர் 3 அன்று ஸ்வீடன் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. அங்கே பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங் ஏற்கெனவே இடப்பக்கம்தான். அப்படியும் ஹெட்லைட்களை மாற்ற வேண்டியிருந்தது, பஸ்களில் வலப்பக்கம் கதவு வைக்க வேண்டியிருந்தது. 1970இல் வலப்பக்கத்துக்கு மாறிய மியான்மரிலோ, ஜப்பானிலிருந்து வந்த பழைய பஸ்கள் வெகுகாலம் அப்படியே ஓடின. வாசல் இடப்பக்கம். இறங்குகிறவர் கால் வைப்பது நடுரோட்டில். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்படி இறங்குவதை நினைத்தாலே பதறுகிறது.

அடுத்தது, இறக்குமதியைத் திறந்தே வைத்துவிட்டு, ஏற்கெனவே முறையாகப் பதிவு செய்து ஓட்டுகிறவரைப் பிடிப்பது. ஒரே நாளில் தடை போட்டால் என்ன ஆகும்? கிடைத்த பட்டறையில் ஸ்டீயரிங்கைப் பிடுங்கி மறுபக்கம் வைத்து வெல்டிங் அடிப்பார்கள். ஸ்டீயரிங் தண்டு, பிரேக் மிதி, ஏர்பேக் எல்லாமே கூட மாற வேண்டும். அரைகுறையாக மாற்றிய வண்டி பழையதைவிட மோசம். கஜகஸ்தான் 2007இல் இறக்குமதியை நிறுத்தியது, பதிவானவை தொடர்ந்து ஓடின. எனக்கு அதுதான் சரியான வழியாகப் படுகிறது.

அப்புறம், விதிவிலக்கே இல்லாமல் சட்டம் எழுதுவது. எல்லை தாண்டி வரும் பயணிகள் இருப்பார்கள். சாலையோரப் பெட்டிகளில் தபால் போடும் வண்டிக்கு ஓரப்பக்க ஸ்டீயரிங்தான் வசதி.

இப்படி ஒரு வண்டி ஏற்கெனவே கையில் இருந்தால், லாரியை ஒட்டிப் போகாதீர்கள். நன்றாகப் பின்தங்கி வாருங்கள். தூரம் கூடக்கூட, லாரிக்கு அந்தப் பக்கம் வருவது உங்கள் இருக்கையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியத் தொடங்கும்.