பையன்கள் சாரணர் குழுவில் பெண் பிள்ளைகளைச் சேர்க்கும்போது

பினாங்கில் பள்ளிச் சாரணர் குழு நடத்துகிறவர்களுக்கு இது. முதலில் தலைமையாசிரியரையும் புறப்பாடப் பொறுப்பாசிரியரையும் பார்த்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். "பெண்களுக்குத்தான் பண்டு புத்ரி (பெண் சாரணியர் இயக்கம்) இருக்கிறதே" என்று கண்டிப்பாக யாராவது சொல்வார்கள். இருக்கட்டும், பிடித்தவர்கள் அதில் சேரட்டும். பிரிட்டனில் 1991-லேயே எல்லா வயதுப் பிரிவிலும் கதவைத் திறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் 2019-இல்தான் 11 முதல் 17 வயது வரையான முதன்மைச் சாரணர் பிரிவில் பெண்கள் நுழைந்தார்கள், அதுவும் தனிக் குழுவாக.

அப்புறம், ஒரே ஒரு பெண்ணை மட்டும் சேர்க்காதீர்கள், பாவம், இரண்டாவது வாரமே நின்றுவிடுவாள். மூன்று நான்கு பேராவது சேர்ந்து வரட்டும். பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவர் கூடவே இருக்க வேண்டும், கிடைக்கும்வரை இரவு முகாம் வேண்டாம்.

பெற்றோர் கூட்டத்தில் கேள்வியெல்லாம் தூங்கும் இடம், கழிப்பறை இரண்டைப் பற்றித்தான் இருக்கும். அதனால் தெலுக் பகாங் பக்கம் முகாம் என்றால் முன்கூட்டியே போய்ப் பாருங்கள்: கழிப்பறைத் தாழ்ப்பாளை உள்ளே நின்று போட்டுப் பார்த்து, ஆட்டினால் கழன்று வருகிறதா, ராத்திரி அங்கே விளக்கு எரிகிறதா, பெண்கள் கூடாரத்திலிருந்து எத்தனை அடி தூரம், ஆசிரியையின் கூடாரம் நடுவில் வருமா என்று குறித்துக்கொண்டு வந்தால் பாதிப் பேச்சு அங்கேயே அடங்கிவிடும்.

முடிச்சுத் தேர்வு, நடைப்பயணம் எல்லாம் எல்லாருக்கும் ஒன்றுதான். யார் எப்போது சமைப்பது என்ற பட்டியலை மட்டும் நீங்களே எழுதுங்கள், பையன்களிடம் விட்டால் மீகோரேங் கிண்டும் வேலை தானாகப் பெண்கள் தலையில் விழும்.