வகுப்புக்கும் நிறுவனத்துக்கும் வலைப்பதிவு: வெளியிடும் உரிமை யாருக்கு?

வலைப்பதிவு தொடங்கப் பத்து நிமிடம் போதும். அந்த அவசரத்தில் நிறமும் வடிவமைப்பும் முடிவாகிவிடும். யார் எழுதுவது, யார் வெளியிடுவது என்பது மட்டும் பேசப்படாமல் போகும். வகுப்பிலும் நிறுவனத்திலும் பின்னால் வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகின்றன.

கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் எழுதுவோருக்கு இருப்பவை இரண்டே நிலைகள்: அட்மின் (நிர்வாகி), ஆத்தர் (எழுதுபவர்). ஆத்தராகச் சேர்த்த மாணவர் யாரையும் கேட்காமல் பதிவை வெளியிடலாம். அதனால் பள்ளிக்கு வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருள்தான் ஏற்றது. அதில் கான்ட்ரிபியூட்டர் என்ற நிலை உண்டு: எழுதலாம், சரிபார்க்க அனுப்பலாம், வெளியிட முடியாது. மாணவர்களுக்கு இதையும், ஆசிரியருக்குப் பிறர் பதிவுகளையும் திருத்தி வெளியிடக்கூடிய எடிட்டர் நிலையையும் கொடுங்கள். இதில் இரண்டு இடங்களில் இடிக்கும். கான்ட்ரிபியூட்டரால் படம் ஏற்ற முடியாது. படங்களை வாங்கி ஆசிரியரே சேர்க்க வேண்டும். வெளியான பதிவை மாணவரால் திருத்தவும் முடியாது. ஆசிரியர் அதை மறுபடி வரைவு நிலைக்குக் கொண்டுவந்தால் திருத்தலாம்.

பயனர்பெயரில் கூடுதல் கவனம் வேண்டும். மாணவரின் முழுப்பெயரையே பயனர்பெயராக வைத்துவிட்டு, பதிவில் தெரியும் பெயரை மட்டும் 'கயல்' என்று மாற்றினால் போதாது. அந்தப் பெயரைச் சொடுக்கினால் திறக்கும் பக்கத்தின் முகவரியில் பயனர்பெயர் அப்படியே நிற்கும். பிறகு மாற்றலாம் என்றால், சொந்தமாக நிறுவிய வேர்ட்பிரஸ்ஸில் பயனர்பெயரை மாற்ற டாஷ்போர்டில் (நிர்வாகப் பக்கத்தில்) வழியில்லை. எனவே கணக்கு தொடங்கும்போதே 'மாணவர்07' போல ஒன்றை ஆங்கில எழுத்துகளில் வைத்துவிடுங்கள். கைபேசிப் படங்களில் எடுத்த இடத்தின் விவரம் ஒளிந்திருக்கலாம். ஏற்றுவதற்கு முன் அதையும் நீக்குங்கள்.

முப்பது பேர் வாரந்தோறும் எழுதினால் எந்த ஆசிரியராலும் படித்துத் தீர்க்க முடியாது. வாரம் ஆறு பேர் எழுதட்டும். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பின்னூட்டம் இடட்டும். 'அருமை', 'நன்று' எல்லாம் கணக்கில் வராது. பதிவிலிருந்து ஒரு வரியை எடுத்துக்காட்டி, அதன்மேல் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்த ஒரு விதி போட்டாலே மாணவர்கள் பதிவை முழுதாகப் படிப்பார்கள். பின்னூட்ட அமைப்பையும் பாருங்கள்: வேர்ட்பிரஸ்ஸில் ஒருவரின் முதல் பின்னூட்டத்துக்கு ஒப்புதல் தந்துவிட்டால், இயல்புநிலையில் அவரது அடுத்தவை நேராக வெளியாகிவிடும். ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் விடுவேன் என்பவர்கள் அதற்கான பெட்டியில் குறியிட வேண்டும்.

நிறுவனத்தில் நோய் வேறு. ஐந்து பேரின் ஒப்புதலுக்குக் காத்திருந்தே பதிவு பழசாகிவிடும். எழுத ஒருவர், விவரம் சரிபார்க்க ஒருவர், வெளியிட ஒருவர் என்று மூன்று பேரோடு நிறுத்துங்கள். சரிபார்ப்பவருக்கு இரண்டு வேலைநாள் கெடு. தலைப்புக்காக மண்டையைக் குடைய வேண்டாம். வாடிக்கையாளர்கள் மின்னஞ்சலிலும் தொலைபேசியிலும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைக் குறித்துவைத்து, ஒரு கேள்விக்கு ஒரு பதிவு எழுதுங்கள். அவர்கள் கேட்ட சொற்களே தலைப்பாக இருக்கட்டும்; தேடுபொறியிலும் அந்தச் சொற்களைத்தான் தட்டுவார்கள். பதிவுகளின் இணைப்பு முகவரிகள் எந்த அமைப்பில் இருக்க வேண்டும் என்பதை முதல் பதிவுக்கு முன்பே முடிவுசெய்யுங்கள். நடுவில் மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் செத்துப்போகலாம்.

காலை ஒன்பதுக்கு என்று நேரம் குறித்த பதிவு பதினொன்றுக்கு வருகிறதா? முதலில் அமைப்புகளில் நேர மண்டலத்தைப் பாருங்கள். அது சரியென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்: சொந்தமாக நிறுவிய வேர்ட்பிரஸ், யாராவது தளத்துக்கு வரும்போதுதான் குறித்துவைத்த வேலைகளைச் செய்யும். ஆள்வரத்து குறைந்த தளத்தில் பதிவு தாமதமாகும். தளம் இயங்கும் சர்வரில் கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாகத் தொடங்கும் வசதி) அமைத்தால் தீரும்.

வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீக்கும்போது, அவர் பதிவுகளையும் அழிப்பதா, வேறொருவர் பெயருக்கு மாற்றுவதா என்று வேர்ட்பிரஸ் கேட்கும். படிக்காமல் முதல் தேர்வை அழுத்தினால் அவர் எழுதியது அத்தனையும் போய்விடும். மாதம் ஒருமுறை பதிவுகளை எக்ஸ்போர்ட் செய்து, அதாவது ஒரு கோப்பாக இறக்கி, வையுங்கள். அந்தக் கோப்பில் படங்களின் முகவரி மட்டுமே இருக்கும், படங்கள் இருக்காது. ஏற்றிய படங்கள் இருக்கும் 'அப்லோட்ஸ்' கோப்புறையைத் தனியாக நகலெடுக்க வேண்டும்.