128-ஐ 320 ஆக்கினால் பாட்டு வளராது: பிளேயரில் பாட்டு ஏற்றுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் விடியுமுன்னே ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களில் சிலர் நெற்றியில் லைட்டும் சட்டைப் பையில் சின்ன பிளேயருமாகக் கிளம்புகிறார்கள். தோட்டத்துக்குள் டவர் சரியாகக் கிடைக்காது, போன் சார்ஜைப் பாட்டுக்குக் கரைக்கவும் மனசு வராது. பொத்தான் வைத்த பிளேயரும் 32 ஜிபி கார்டும் போதும். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைப் பக்கம் போனாலும் அதே பிளேயர், அதே கார்டு, உள்ளே அதே தவறுகள்.

சார்ஜ் போட மறப்பது, கார்டைப் பிளேயர் ஓடும்போதே உருவுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. ஒரு தடவை பட்டால் தானாகத் தெளிந்துவிடும். தவறென்றே தெரியாமல் வருஷக்கணக்கில் நடப்பவைதான் கீழே உள்ளவை.

எம்பி3-யை மறுபடி எம்பி3 ஆக்குவது

“எல்லாம் 320 தான் அண்ணாச்சி, பின்ன எதுக்கு இப்பிடி கேக்குது?”

கேட்டவரின் கார்டைத் திறந்து பார்த்தால் ஐந்து நிமிஷப் பாட்டு ஒவ்வொன்றும் 12 எம்பி. பிறந்தபோது அது 128 கேபிபிஎஸ் (செகண்டுக்கு எத்தனை கிலோபிட் என்ற கணக்கு, இதுதான் பிட்ரேட்), வெறும் 4.8 எம்பி. நடுவில் யாரோ கன்வர்ட்டரில் போட்டு 320 என்ற பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள். ரப்பர் பாலில் தண்ணீர் ஊற்றினால் லிட்டர் கூடும், டிஆர்சி (பாலில் உள்ள ரப்பரின் விகிதம்) கூடுமா? 32 ஜிபி கார்டில் 128-ல் சுமார் 6,600 பாட்டு போகும், 320-ல் சுமார் 2,600. நாலாயிரம் பாட்டுக்கான இடம் போய், கேட்பதற்கு ஒன்றும் கூடவில்லை.

கூடவில்லை என்பதுகூட மரியாதையான பேச்சு. உண்மையில் குறைகிறது. எம்பி3 என்கோடர், அதாவது பாட்டை எம்பி3-யாகச் சுருக்கும் சாஃப்ட்வேர், பலத்த சத்தம் ஒன்றின் நிழலில் காதுக்கு எது கேட்காது என்று கணித்து அதைத் தூக்கியெறிகிறது. அப்படி எறிவதால் உண்டாகும் இரைச்சலையும் அதே நிழலில் ஒளித்து வைக்கிறது. இரண்டாம் தடவை வரும் என்கோடருக்கு இது தெரியாது. ஒளித்து வைத்த இரைச்சலும் பாட்டுதான் என்று நம்பி அதற்கும் பிட் செலவழித்து, தன் பங்குக்குப் புதிய இரைச்சலையும் சேர்க்கிறது. 320-க்கு மாற்றும்போது இந்தச் சேதம் கொஞ்சம்தான். 128-ஐ வெட்டித் திரும்ப 128-ஆகவே சேமித்தால் காதாலேயே பிடித்துவிடலாம்.

இதில் அதிகம் அடிபடுவது வில்லுப்பாட்டுக் கேசட். கோயில் கொடையில் பதிந்த கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள், நேராக 128 எம்பி3-யாக. பிறகு தொடக்கத்து மைக் சோதனையை வெட்டிச் சேமிப்பு. இரைச்சல் குறைத்து இன்னொரு சேமிப்பு. சத்தம் கூட்டி மூன்றாவது. ஒவ்வொரு சேமிப்பும் ஒரு புதிய என்கோடிங். பாட்டுக்காரர் குரல் ஓரளவு தப்பிவிடும். வில்லில் கட்டிய வெண்கல மணியும் ஜால்ராவும் தப்பாது. எம்பி3 சத்தத்தை 576 சாம்பிள் (சத்தத்தை அளந்து குறித்த எண்கள்) கொண்ட துண்டுகளாக எடுத்துக் கணக்குப் போடுகிறது. 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது செகண்டுக்கு 44,100 சாம்பிளில், அது 13 மில்லிசெகண்டு. வீசுகோல் நாணில் விழும் அடி அந்தத் துண்டின் நடுவில் வந்தால், இரைச்சல் துண்டு முழுக்கப் பரவி அடிக்கு முன்னாலேயே ஒரு ‘ஸ்ஸ்’ கேட்கும். இதைத் தவிர்க்க என்கோடர் 192 சாம்பிள் கொண்ட சிறிய துண்டுக்குத் தாவும். அதற்குப் பிட் அதிகம் வேண்டும், 128-ல் அது கையிருப்பில் இருக்காது. மூன்று சேமிப்புக்குப் பிறகு மணிச்சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். அதற்குள் கேசட்டை வீட்டைச் சுத்தம் செய்தவர்கள் எரித்திருப்பார்கள். இதுதான் ஆத்திரத்தைக் கிளப்புகிறது. கெட்டது திரும்ப ஏற்றிக்கொள்ளக்கூடிய சினிமாப் பாட்டு அல்ல, உலகத்தில் வேறெங்கும் பிரதி இல்லாத ஒரு ராத்திரி.

சரியான வழி இது. முதலில் கேசட் டெக்கின் ஹெட்டை (டேப் உரசும் முனையை) துடையுங்கள். ஓசை மந்தமாக இருந்தால் ஹெட் பக்கத்து ஸ்க்ரூவை, டேப் ஓடும்போதே, உச்சஸ்தாயிச் சத்தம் தெளியும்வரை மெல்லத் திருப்புங்கள். மந்தமாகப் பதிந்ததைப் பிற்பாடு எந்த சாஃப்ட்வேரும் மீட்காது. டெக்கின் லைன்-அவுட்டிலிருந்து கம்ப்யூட்டரின் லைன்-இன்னுக்குப் போகட்டும், மைக் துளைக்கு வேண்டாம். லேப்டாப்பில் மைக் துளை மட்டும் இருந்தால் லைன்-இன் உள்ள யூஎஸ்பி சவுண்டு கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆடாசிட்டி என்ற பதிவு சாஃப்ட்வேரில் 44.1 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. மிகப் பலத்த இடத்திலும் மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. 16 பிட்டில் சேமித்தால் ஒரு சி-60 கேசட்டின் இரு பக்கமும் சேர்ந்து 635 எம்பி வேவ் ஃபைல், சுருக்காதது. அதை ஃபிளாக் என்ற, எதையும் எறியாமல் சுருக்கும் வடிவத்துக்கு மாற்றுங்கள், ஒரு சாம்பிள்கூட மாறாது. கேசட்டின் ‘ஷ்ஷ்’ இரைச்சலையும் ஃபிளாக் அப்படியே காப்பாற்ற வேண்டியிருப்பதால் ஸ்டூடியோ பாட்டு அளவுக்குச் சுருங்காது, அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இந்த ஃபிளாக் இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். வெட்டுவது, இரைச்சல் குறைப்பது எல்லாம் அதன் நகலில். பிளேயருக்கான எம்பி3 கடைசியில், ஒரே ஒரு தடவை.

ஃபிளாக் இல்லை, எம்பி3 மட்டும்தான் கையில் என்றால் வெட்டுவதற்கு எம்பி3 டைரக்ட்கட், சத்தத்தைச் சமப்படுத்த எம்பி3 கெயின் என்ற சாஃப்ட்வேர்கள். இரண்டும் திரும்ப என்கோட் செய்யாமல் வேலையை முடிப்பவை. எம்பி3 கெயின் 1.5 டெசிபல் படிகளில்தான் ஏற்றி இறக்கும், பாட்டுக்கு அது தாராளம்.

வந்த 320 நிஜமா போலியா என்று பார்க்க ஸ்பெக் என்ற இலவச சாஃப்ட்வேரில் இழுத்துப் போடுங்கள். ஏறக்குறைய 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் அறுத்தமாதிரி கோடு தெரிந்தால் பெரும்பாலும் அது பழைய 128. நிஜ 320 சுமார் 20 வரை ஏறும். ஆனால் கேசட்டிலிருந்தோ பழைய இசைத்தட்டிலிருந்தோ வந்த பாட்டில் மேலே ஒன்றும் இல்லாதது இயல்பு. அங்கே சரிவு மெல்ல மங்கும், அறுபட்ட கோடு இருக்காது. யூடியூபிலிருந்து “320” என்று தரும் தளங்கள் பற்றிக் கேட்கவே வேண்டாம். அங்கே வழக்கமாக இருப்பது 128 அளவு ஏஏசி அல்லது 160-ஐ ஒட்டிய ஓபஸ், இரண்டும் எம்பி3 போல வேறு சுருக்க வடிவங்கள். இல்லாத 320-ஐ யார் எங்கிருந்து எடுத்துத் தருவது?

எல்லாவற்றுக்கும் ஒரே பிட்ரேட்

கன்வென்ஷன் பிரசங்கத்தை 320 ஸ்டீரியோவில் வைத்திருக்கிறார்கள். ஒற்றைக் குரலுக்கு 64 கேபிபிஎஸ் மோனோ போதும், ஒரு மணி நேரம் 29 எம்பியில் முடியும். பாட்டுக்கு லேம் என்ற எம்பி3 என்கோடரில் வி2 என்ற அமைப்பு. சராசரி 190 வரும், தேவையான இடத்தில் கூட்டி, மௌனத்தில் குறைக்கும். இடம் நிறைய இருந்தால் வி0, சராசரி 245.

உங்கள் காதுக்கு எது போதும் என்று தெரிய சிங்காரி மேளத்தில் (கேரளச் செண்டை மேளம்) இலைத்தாளம் என்ற பெரிய ஜால்ரா உச்சத்தில் இருக்கும் 30 செகண்டை ஒரிஜினலிலிருந்து எடுத்து 96, 128, 192, வி2 என்று நான்காக என்கோட் செய்யுங்கள். ஃபூபார்2000 என்ற பாட்டு சாஃப்ட்வேரின் ஏபிஎக்ஸ் சோதனையில், எது எதென்று தெரியாமல் கேளுங்கள். இலைத்தாளத்தில் தேறியது சினிமாப் பாட்டில் தோற்பது அபூர்வம். மெலடியை வைத்துச் சோதிக்காதீர்கள், 128 கூட அதில் பாஸாகிவிடும்.

சின்ன பிளேயரில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்

வேண்டாம். 44.1 கிலோஹெர்ட்ஸே 22 கிலோஹெர்ட்ஸ் வரை பிடிக்கும், மனுஷக் காது 20-ல் நின்றுவிடும்.

ப்ளூடூத் ஹெட்செட்டில் ஃபிளாக்குக்காகச் சண்டை

ப்ளூடூத்தின் வழக்கமான சுருக்க முறையான எஸ்பிசி வழியாகப் போனால் உச்சமே சுமார் 328 கேபிபிஎஸ், அதுவும் திரும்ப என்கோட் ஆகித்தான். வி2 ஏற்றிவிட்டு வேலையைப் பாருங்கள்.

பிளேயர் எதைப் படிக்கும் என்று பார்க்காமல் கார்டு வாங்குவது

மலிவான பிளேயர் பலவும் 32 ஜிபி வரை, ஃபேட்32 என்ற ஃபார்மேட்டை மட்டும்தான் ஏற்கும். 64 ஜிபி கார்டு கடையிலிருந்து எக்ஸ்ஃபேட் என்ற வேறு ஃபார்மேட்டில் வரும், போட்டால் “நோ கார்டு” என்று நிற்கும். ஓபஸ் அளவில் சின்னது, தரத்தில் எம்பி3-யை மிஞ்சியது. ஆனால் ராக்பாக்ஸ் என்ற இலவச மாற்று சாஃப்ட்வேர் ஏற்றிய பிளேயர் போன்ற சிலவற்றைத் தவிர ஓடாது. ஜீப், வேன் ஸ்டீரியோவுக்கு எம்பி3-யை விட்டால் வேறு வழி தேடாதீர்கள்.

பாதி விலைக்கு வரும் பெரிய கார்டுகளில் அளவு பொய்யாக எழுதியிருக்கும். பாட்டின் பெயர் எல்லாம் லிஸ்டில் தெரியும், ஓடாது. பாட்டு ஏற்றுமுன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சாஃப்ட்வேரால் முழுக் கார்டையும் எழுதிப் படித்துப் பாருங்கள். பல மணி நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

பாட்டு வரிசையும் பெயரும்

கதையின் மூன்றாம் பாகம் முதலில் ஓடுகிறது என்று வருவார்கள். சின்ன பிளேயர்கள் பலவும் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, கார்டில் எழுதப்பட்ட வரிசையில் ஓட்டும். 01, 02 என்று எண்ணிட்டும் கேட்காவிட்டால் ஃபோல்டரை அழித்து ஒவ்வொன்றாக வரிசையில் காப்பி செய்யுங்கள், அல்லது வரிசையைச் சரிசெய்யும் ஃபேட்சார்ட் என்ற சாஃப்ட்வேரை ஓட்டுங்கள்.

தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். ஃபைல் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் வைத்து, டேக்கை (ஃபைலுக்குள் இருக்கும் பாட்டு விவரத்தை) ஐடி3 வி2.3 வடிவில் சேமியுங்கள். வி2.4-ஐப் பழைய பிளேயர்கள் பலவும் படிக்காது. அட்டைப்படம் 500-க்கு 500 ஜேபெக் போதும். 3000-க்கு 3000 படம் ஒட்டிய ஃபைலில் சில பிளேயர்கள் அப்படியே உறைந்து நிற்கும், கார்டு கெட்டுவிட்டது என்று புதுக் கார்டு வாங்கப் போவார்கள்.