மாரிஸ் மைனருக்குக் காயிலோவர்: சுமை எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள்

கோவை கணபதியில் இருக்கும் என் பட்டறைக்குப் பழைய மாரிஸ் மைனர் காரை ஓட்டிக்கொண்டு வந்து, "அண்ணா, டார்ஷன் பாரைத் தூக்கிப்போட்டுட்டுக் காயிலோவர் மாட்டிக் குடுங்க" என்று கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். காயிலோவர் என்பது ஷாக் அப்சார்பரைச் சுற்றியே சுருள் ஸ்பிரிங் வைத்த ஒரே உறுப்பு. நான் மாட்டித் தருகிறவன்தான். ஆனால் அவர்களைப் பானட்டைத் திறக்க விடுவதில்லை. ஒரு சாக்கை விரித்து, டார்ச்சைக் கையில் கொடுத்து, வண்டிக்கு அடியில் படுக்கச் சொல்வேன். இந்த வேலையில் புரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அடியில்தான் இருக்கிறது.

முன்சக்கரத்தின் கீழ் ஆர்மிலிருந்து (சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் கை) ஒரு எஃகுக் கம்பி பின்னோக்கி நீளவாக்கில் ஓடி, தரைக்கு அடியில் இருக்கும் குறுக்குச் சட்டத்தில் முடியும். அதுதான் டார்ஷன் பார். சக்கரம் மேலே ஏறினால் ஆர்ம் திரும்பும், ஆர்ம் திரும்பினால் கம்பி முறுக்கும், அந்த முறுக்குதான் ஸ்பிரிங். 1948இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வந்த இந்த வண்டியில், ஸ்பிரிங்கின் முறுக்கு முழுவதும் வண்டியின் நடுப்பகுதிக்குப் போய்விடுகிறது. எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் தகடுகள் ஸ்பிரிங்கைத் தாங்க வேண்டியதே இல்லை. மேலே இருக்கும் லிவர் டைப் ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை அடக்குவதோடு மேல் ஆர்மாகவும் வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

காயிலோவர் போட்டால் இந்த ஏற்பாடு தலைகீழாகிவிடும். ஸ்பிரிங்கின் மேல்முனை எதையாவது பிடித்து முட்டியாக வேண்டும். அந்த 'எதையாவது' என்பது இதுவரை ஸ்பிரிங்கையே பார்க்காத இடம். காயிலோவர் மாட்டுவது ஸ்பிரிங் மாற்றும் வேலை இல்லை, சுமையின் வழியை மாற்றும் வேலை என்று நான் சொல்வது இதனால்தான்.

முதலில், உங்களுக்கு இது வேண்டுமா? முன்பக்கம் தாழ்ந்துவிட்டது என்பதற்காக மட்டும் வேண்டாம். பாரின் பின்முனை லிவரை மாற்றிப் பூட்டினால் உயரம் திரும்பிவிடும். ஷாக் அப்சார்பர் ஒழுகி வண்டி குதிக்கிறது என்றால், டார்ஷன் பாரை அப்படியே விட்டுவிட்டு நேர்க்குழாய் ஷாக் அப்சார்பர் மட்டும் சேர்க்கலாம். கொஞ்சம் விறைப்புதான் வேண்டும் என்றால் தடித்த பார் இருக்கிறது. கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படியில் ஏறும். 10 சதவீதம் தடித்தாலே 46 சதவீதம் விறைப்புக் கூடிவிடும். ஆனைமலைப் பக்கத்திலிருந்து ஒரு தோட்டக்காரர் மகன் வந்திருந்தார். கூட வந்த அவர் அப்பா, "ஏந்தம்பி, நல்லாப் போற வண்டிய எதுக்குப் பிரிக்கோணுங்கறான் இவன்?" என்று என்னைக் கேட்டார். நான் அப்பா பக்கம் நின்றேன். லிவரை மாற்றிப் பூட்டி, புஷ்களை (ஆர்ம் திரும்பும் இடத்து ரப்பர் உறைகள்) புதிதாகப் போட்டு அனுப்பிவிட்டேன்.

எடை கூடின எஞ்சின் ஏற்றியிருக்கிறீர்கள், மலைச்சாலையில் வேகமாக ஓட்டுகிறீர்கள், உயரத்தையும் விறைப்பையும் அடிக்கடி மாற்றிப் பார்க்க ஆசை என்றால் காயிலோவருக்கு நியாயம் உண்டு.

அப்புறம் காகித விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதியில், 50 வயது தாண்டிய வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், சேசிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் கூடாது என்று இருக்கிறது. நம்பர் பிளேட்டில் விண்டேஜ் வண்டிக்கான விஏ எழுத்து வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாருங்கள். நான் செய்வது போல்ட்டில் நிற்கும் வேலை மட்டும். சேசிஸை வெட்டுவதில்லை, அதில் வெல்டிங் வைப்பதில்லை. எல்லாவற்றையும் திருப்பிப் பழையபடி மாட்ட முடிய வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு ஸ்குரூ டிரைவரின் பின்பக்கத்தால் சேசிஸ் கால்களை (எஞ்சினின் இரு பக்கமும் நீளவாக்கில் ஓடும் சட்டங்கள்) முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்றால் தகடு இருக்கிறது. 'தொப்' என்றால் உள்ளே துரு. கோவைப் பக்கத்து வண்டிகளில் கடற்கரை வண்டிகள் அளவுக்குத் துரு இருக்காது. ஆனால் பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்புக் கொட்டகையில் வருஷக்கணக்காக நின்ற வண்டியாக இருந்தால், சக்கர வளைவுக்குள் அப்பியிருக்கும் செம்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பாருங்கள். ஈரத்தை அந்த மண்தான் பிடித்துவைத்திருக்கும். 'தொப்' கேட்கிற வண்டிக்குக் காயிலோவர் கிடையாது, முதலில் டிங்கரிங்.

அடுத்தது எடை. வண்டியின் மொத்த எடையை வைத்து ஸ்பிரிங் வாங்குகிறவர்கள் உண்டு. அது வேண்டாம், முன்சக்கரம் ஒவ்வொன்றின் எடையும் வேண்டும். கொப்பரை குடோனில் மூட்டை போடும் எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது பாருங்கள், அது போதும். ஒரு சக்கரத்தைத் தராசில் ஏற்றிவிட்டு, மற்ற மூன்றுக்கும் அதே உயரத்துக்குப் பலகை வையுங்கள். பலகை வைக்காவிட்டால் வண்டி சாய்ந்து எடை தப்பாகக் காட்டும். ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், டேங்க்கில் பாதி பெட்ரோல் இருக்க வேண்டும். அதோடு சக்கர மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை உள்ள உயரத்தையும் நான்கு பக்கமும் எழுதிவையுங்கள்.

இப்போது பாரைக் கழற்றுவது. இந்த இடத்தில் அவசரம் கூடாது, முறுக்கில் இருக்கும் கம்பி விடுபட்டால் ஆர்ம் கையை உடைத்துவிடும். வண்டியைத் தூக்கி, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். பாரின் பின்முனையில் ஸ்ப்ளைன் (கோத்துப் பிடிக்கும் பல்வரிசை) எந்த நிலையில் இருக்கிறது என்று பெயின்டால் கோடு போடுங்கள். கீழ் ஆர்முக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கியை வைத்துத் தாங்கிக்கொண்டு, ஆர்மைச் சக்கர அச்சுத் தொகுப்பிலிருந்து பிரித்துவிட்டு, ஜாக்கியை மெல்ல இறக்குங்கள். ஆர்ம் தானாகத் தொங்கும் நிலைக்கு வந்தால் முறுக்கு போய்விட்டது. அதன் பிறகுதான் பின்னால் இருக்கும் லிவரில் ஸ்பேனர் வைக்க வேண்டும். பாரை வெளியே எடுக்கும்போது சுத்தியலால் நேராக அடிக்காதீர்கள். கீறல் விழுந்த இடத்தில்தான் பிற்பாடு அந்தக் கம்பி ஒடியும். இடது, வலது என்று எழுதிவிடுங்கள். ஒரு பக்கமாகவே முறுக்கிப் பழகின கம்பியை மறுபக்கம் போடக்கூடாது.

பிரித்த கையோடு கீழ் டிரன்னியனை (சக்கர அச்சுத் தொகுப்பையும் கீழ் ஆர்மையும் இணைக்கும் மரை மூட்டு) கையால் ஆட்டிப் பாருங்கள். மரையில் ஆட்டம் இருந்தால் மாற்றுங்கள். மைனரில் சக்கரம் மடங்கி விழுவது பெரும்பாலும் இந்த மரை தேய்ந்துதான். இடதுக்கும் வலதுக்கும் மரை வேறு. எவ்வளவு விலையுயர்ந்த காயிலோவர் போட்டாலும் இதைக் காப்பாற்றாது.

இனி கணக்கு. ஸ்பிரிங் இல்லாத வெறும் ஷாக் அப்சார்பரைப் பொருத்திவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஷாக் அப்சார்பரின் இரண்டு கண்களுக்கும் இடையே எவ்வளவு சுருங்கியது என்று அளவெடுங்கள். சக்கரம் 50 மி.மீ. ஏறும்போது ஷாக் அப்சார்பர் 30 மி.மீ. சுருங்கினால் விகிதம் 0.6. சாய்வுக் கோணமெல்லாம் இதற்குள்ளேயே அடங்கிவிடும், தனியாகக் கோணம் பார்க்க வேண்டாம்.

உதாரணத்துக்குத் தராசு 200 கிலோ காட்டியது என்று வைத்துக்கொள்வோம். சக்கரம், டிரம், ஆர்மில் பாதி இவையெல்லாம் ஸ்பிரிங்கின் மேல் உட்காருவதில்லை. அதற்கு 25 கிலோ கழித்தால் 175. வீட்டு உபயோக வண்டிக்கு நான் முன்பக்கத்தில் நொடிக்கு 1.3 அசைவு வைப்பேன். அந்த வேகத்துக்குச் சக்கரத்தருகே 147 மி.மீ. அமுங்க வேண்டும். 175ஐ 147ஆல் வகுத்தால் மி.மீ.க்கு 1.19 கிலோ, இது சக்கரத்தின் விறைப்பு. ஸ்பிரிங்கின் விறைப்புக்கு இதை 0.6இன் வர்க்கமான 0.36ஆல் வகுக்க வேண்டும். மி.மீ.க்கு 3.3 கிலோ வரும். விற்பவர்கள் அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று பேசுவார்கள், 56ஆல் பெருக்கினால் 185 பவுண்டு. வர்க்கம் எடுக்க மறந்து 0.6ஆல் மட்டும் வகுத்தால் 110 பவுண்டு ஸ்பிரிங்தான் கையில் வந்து சேரும், முதல் வேகத்தடையிலேயே ஆர்ம் தடுப்பு ரப்பரில் போய் மோதும். "300 பவுண்டு போடுங்க, ரேஸ் வண்டி மாதிரி இருக்கும்" என்று சொல்கிறவர்களைச் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத் தளம் பக்கம் அனுப்பிவிடுங்கள், நம்ம ஊர்த் தார்ச்சாலைக்கு அது ஆகாது.

அதே கணக்கில் இன்னொன்றும் தெரியும். ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் சுமை 175 இல்லை. 175ஐ 0.6ஆல் வகுத்தால் 292 கிலோ. வண்டி சும்மா நிற்கும்போதே மேல் மவுன்ட்டை 292 கிலோ மேல்நோக்கித் தள்ளுகிறது. குழியில் இறங்கி ஏறும்போது மூன்று மடங்கு ஆகலாம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 900 கிலோ. கீழ் ஆர்மின் உட்புறத்தைப் பிடித்திருக்கும் ஐபோல்ட்டில் நடப்பது இன்னும் வேடிக்கை. டார்ஷன் பார் இருந்தவரை ஆர்ம் அந்த ஐபோல்ட்டை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. காயிலோவர் வந்ததும் 292இல் 175 போக மீதி 117 கிலோ அதைக் கீழே இழுக்கும். திசையே மாறிவிடுகிறது. பழைய புஷ் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் இப்போது ஆர்ம் அந்த இடைவெளியில் விழுந்து 'டக் டக்' என்று சத்தம் போடும். காயிலோவரில் கோளாறு என்று அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்கள். புஷ் புதிதாகப் போடாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

மேல் மவுன்ட்டுக்கு எனக்கு ஒரே விதி: தகட்டை நம்பாதே, சேசிஸ் காலை நம்பு. பிராக்கெட் ஷாக் அப்சார்பர் இருந்த பழைய போல்ட் துளைகளில் உட்கார்ந்தாலும், அதிலிருந்து ஒரு கால் கீழே இறங்கிச் சேசிஸ் காலைப் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கத்து பிராக்கெட்டையும் எஞ்சினுக்கு மேலே ஒரு குறுக்குக் குழாயால் இணைத்தால் உள்ளே சாயாது. பெட்டி போன்ற பகுதிக்குள் போல்ட் போகும் இடத்தில் உள்ளே குழாய்த் துண்டு வைத்துத்தான் இறுக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி நசுங்கி போல்ட் தானாகத் தளரும். 8.8 கிரேடுக்குக் குறைந்த போல்ட் வேண்டாம். கீழ் முனையை ஆர்மில் ஒற்றைப் பக்கம் நீட்டிய போல்ட்டில் தொங்கவிடாமல், இரு பக்கமும் காது வைத்துப் பிடியுங்கள். பழைய ஆர்மில் துளை போடாதீர்கள், வலுவூட்டிய ஆர்மோடு வரும் கிட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

லேத்தில் போய்ச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மைனரில் பாரின் முன்முனை ஆர்மோடு கோத்து நிற்கிறது. பாரை எடுத்ததும் அந்த இடத்துக்கு ஒரு பின் வேண்டும். பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் அளவு கொடுத்தால் கடைந்து தருவார்கள். இஎன் 24 என்ற வலுவான எஃகு கேளுங்கள். சாதாரண எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) தண்டில் கடைந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆர்ம் முன்பின் நகராமல் பிடிக்கும் டை ராடின் ரப்பர்களும் புதிதாக இருக்கட்டும்.

பழைய லிவர் ஷாக் அப்சார்பரை மேல் ஆர்மாகவே வைத்துக்கொள்ளும் கிட்டாக இருந்தால், அதன் வால்வை மட்டும் எடுத்துவிட்டு எண்ணெயை விட்டுவையுங்கள். அந்த எண்ணெய்தான் உள்ளே இருக்கும் அச்சுக்கு மசகு.

மாட்டும் வேலை இதற்குப் பிறகு சுலபம். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஆர்மின் ரப்பர் முட்ட வேண்டும், ஷாக் அப்சார்பரே இழுத்துப் பிடிக்கக் கூடாது. முழுதாக ஏறும்போதும் ரப்பர்தான் முதலில் முட்ட வேண்டும். வண்டி நிற்கும் உயரத்தில் ஷாக் அப்சார்பரின் தண்டு ஏறக்குறைய பாதியில் இருக்கட்டும். பிரேக் ஹோஸ் எங்கேயும் உரசுகிறதா என்று ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். புஷ் போல்ட்டுகளைக் கடைசி இறுக்கு இறுக்குவது வண்டியைத் தரையில் இறக்கியபின்தான். தொங்கவிட்டபடி இறுக்கினால் ரப்பர் முறுக்கியே நிற்கும், சீக்கிரம் கிழியும்.

காயிலோவரில் ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தைத் திருகி எழுதிவைத்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். தராசை மறுபடி வைத்து இரண்டு பக்கமும் சரிபார்த்துவிட்டு, டோ-இன் (முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 2.4 மி.மீ.க்கு அலைன்மென்ட் எடுங்கள்.

ஓட்டிப் பார்க்க நேராக மலைக்குப் போகாதீர்கள். முதலில் ஊருக்குள் வேகத்தடைகளில் மெல்ல ஏற்றி இறக்குங்கள். போல்ட் தலையிலும் பிராக்கெட்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்திருந்தால், கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தாலே தளர்ந்தது தெரிந்துவிடும். விலகாமல் இருந்தால் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறுங்கள், 40 கொண்டை ஊசி வளைவு. திரும்பி வந்ததும் பானட்டைத் திறந்து பிராக்கெட்டைச் சுற்றியுள்ள பெயின்டை விளக்கு வைத்துப் பாருங்கள். முடி போல ஒரு விரிசல் தெரிந்தாலும் தகடு அசைகிறது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்தி பிராக்கெட்டின் காலைச் சரிசெய்ய வேண்டும். பழைய பார்கள் இரண்டுக்கும் கிரீஸ் தடவி, கோணியில் சுற்றி, எழுதின எழுத்து மறையாமல் படுக்கவைத்துவிடுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்குகிறவர் கேட்கும் முதல் சாமான் அதுதான்.