தோசைக்கல்லில் பிரெத்தாஞ் கலெத்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் ஒரு தமிழ் வீட்டில் தோசைக்கல் இருந்தால் போதும். பிரான்சின் வடமேற்கு முனையான பிரெத்தாஞ் பகுதியின் கலெத் என்னும் மெல்லிய, தோசை போன்ற பண்டத்தைச் சுடப் புதிதாக எந்தப் பாத்திரமும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் தோசை வார்த்துப் பழகிய கை இரண்டொரு பழக்கங்களை விட்டாக வேண்டும். அது தெரியாமல்தான் சேந்த்-ஆந்த்ரேயில் எங்கள் வீட்டில் நான் முதன்முதலில் சுட்ட கலெத்துகள் அத்தனையும் கிழிந்தன.

முதலில் மாவு. கலெத்துக்கு உரியது சராசேன், அதாவது ஆங்கிலத்தில் பக்வீட்; பிரெஞ்சுக்காரர்கள் அதைக் 'கறுப்புக் கோதுமை' என்றும் சொல்வார்கள். பெயரில்தான் கோதுமை, மற்றபடி அது புல்லினத் தானியமே அன்று. விதைத்து ஏறத்தாழ 100 நாளில் விளைந்துவிடும். கோதுமைக்கு ஒத்துவராத சத்தற்ற புளிப்பு மண்ணிலும் வளரும். அதனால்தான் பிரெத்தாஞின் ஏழை எளியவர்களுக்கு, நம் ஊர்ப் பக்கம் கேழ்வரகு போல, அது அன்றாட உணவாயிற்று. சராசேனில் குளுட்டன் இல்லாததால் மாவு தானாக ஒட்டிப் பிடிக்காது. பிரெத்தாஞின் மேற்குப் பகுதியில் சிலர் கோதுமை மாவும் முட்டையும் சேர்ப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் வறுத்த கொட்டையின் வாசனையை நினைவூட்டும் அந்த மாவின் சுவை அப்போது மங்கிவிடுகிறது.

250 கிராம் மாவுடன் ஒரு தேக்கரண்டி கல்லுப்பைப் பொடித்துப் போட்டு, 600 மில்லி தண்ணீரில் பாதியைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கையாலேயே பிசையுங்கள். கட்டியில்லாமல் கெட்டியாக வந்ததும், உள்ளங்கையால் மாவை அள்ளித் தூக்கி விடுவதும் மறுபடி அள்ளுவதுமாக ஐந்து நிமிடம் அடிக்க வேண்டும். மாவு பளபளப்பாகி விரல்களிலிருந்து நாடாவைப் போல் இறங்கினால் போதும். மூடிக் குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். தோசை மாவைப் போல வெளியில் வைத்தால், நம் கடற்கரை ஊர்களின் வெப்பத்தில் விடிவதற்குள் புளித்துவிடும். மீதித் தண்ணீரை மறுநாள் சுடுவதற்குச் சற்று முன்னர் சேர்த்தால் போதும்.

கல்லை நன்றாகக் காயவிட்டு, எண்ணெயில் தொட்ட அரை வெங்காயத்தால் தேய்க்கவும். இதுவரை எல்லாம் நம் வழக்கமே. ஆனால் தோசைக்குச் செய்வதுபோலத் தண்ணீர் தெளித்துக் கல்லை ஆற்றக் கூடாது. சூடு குறைந்தால் கலெத்துக்கு அழகு தரும் நுண்துளைகள் விழமாட்டா. கரண்டியின் அடியால் தேய்த்து விரிக்கவும் கூடாது. அவ்வூர்க்காரர்கள் அதற்கென்று ரொசெல் என்னும் சிறு மரத்துடுப்பு வைத்திருக்கிறார்கள். அது இல்லாத நாம், கைப்பிடி உள்ள கல்லாக எடுத்து, மாவை ஊற்றியவுடன் மணிக்கட்டைச் சாய்த்துச் சுழற்ற வேண்டும். ஓரம் தானாக எழும்பியதும் திருப்பிப் போடலாம், அதற்கு முன் தொடாதீர்கள்.

திருப்பியதும் உப்பு வெண்ணெயைத் தடவுங்கள். பிரெத்தாஞில் வெண்ணெய் என்றாலே உப்பிட்டதுதான்: மன்னராட்சிக் காலத்தில் பிரான்சின் பெரும்பகுதியை வாட்டிய உப்பு வரியிலிருந்து அந்தப் பகுதிக்கு விலக்கு இருந்தது. நடுவில் எமந்தால் பாலாடைக்கட்டித் துருவலும் பன்றித்தொடையிறைச்சியும் ஒரு முட்டையும் வைத்து, மஞ்சள் கரு வெளியே தெரியும்படி நாற்புறமும் சதுரமாக மடிப்பது அங்குள்ள 'முழுக் கலெத்'. காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களில் நான் சலாசியில் விளையும் சௌசௌவை மெல்லியதாக அரிந்து, வெண்ணெயில் மிளகுடன் வதக்கி உள்ளே வைக்கிறேன். மாவிலேயே முட்டை இல்லாததால் விரதத்துக்கு எந்தக் குறையும் வராது.

அவ்வூரில் இதனுடன் ஆப்பிள் மதுவான சீத்ர் குடிப்பார்கள். லே ரிபோ என்னும் கடைந்த மோரும் அவர்களுக்குப் பழைய வழக்கம்; விரத நாட்களில் நமக்கு அது பொருந்தும். பெருங்காயமும் கறிவேப்பிலையும் போடாமல், வெறும் மோராகவே ஊற்றிக்கொடுங்கள்.