9 பைட்டில் ஒளிந்திருந்த கோளாறு

கோடு எழுதும் ஏஐ ஏஜென்டான கிளாட் கோடுக்கு நான் தரும் பிராஜெக்ட் விதிகள் எல்லாம் ஏஜென்ட்ஸ்.எம்டி கோப்பில். அது படிக்கும் கிளாட்.எம்டி, அந்தக் கோப்பைச் சுட்டும் ஒரு சிம்லிங்க் (குறுக்கு இணைப்பு). லினக்ஸில் சிக்கலே இல்லை. விண்டோஸ் கணினிகளில் மட்டும் ஏஜென்ட் ஒரு விதியையும் மதிக்கவில்லை. விதிகளைச் சுருக்கினேன், வரிசையை மாற்றினேன், புது செஷன் திறந்தேன். மூன்று நாள் வீண்.

கடைசியில் விண்டோஸில் கிளாட்.எம்டி கோப்பின் அளவைப் பார்த்தேன்: 9 பைட். கோடு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட்டில் கோர்.சிம்லிங்க்ஸ் என்ற அமைப்பு ஃபால்ஸ் என்றிருந்தால், சிம்லிங்க் வெறும் டெக்ஸ்ட் கோப்பாக இறங்கும். உள்ளே இலக்குக் கோப்பின் பெயர் மட்டும் இருக்கும். அந்தப் பெயர், புள்ளியையும் சேர்த்து, ஆங்கிலத்தில் சரியாக 9 எழுத்து! 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் -எஸ்' காட்டும் வரி 120000 என்று தொடங்கினால் அது சிம்லிங்க்.

அந்த சிம்லிங்கை நீக்கிவிட்டு, கிளாட்.எம்டி என்ற அதே பெயரில் சாதாரணக் கோப்பு வைத்து, @ குறியை ஒட்டி ஏஜென்ட்ஸ்.எம்டி என ஒரே வரி எழுதினேன். அந்த வரி விதிக் கோப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் வேலை செய்கிறது. அந்த வரியை பேக்டிக் (`) குறிகளுக்குள் போடாதீர்கள், இம்போர்ட் ஆகாது.